ஆணி அடிக்கக்கூடாத அறை

ஜூலை 8, செவ்வாய்
கச்சான் காற்று. காலையிலேயே தலை சுடுகிறது. கொழும்புக் கம்பனியிலிருந்து பதில்: "குரல் நல்லா இருக்கு. ஆனா பாத்ரூமுக்குள்ள இருந்து வாசிக்கிற மாதிரி இருக்கு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரியா ஒரு சாம்பிள் அனுப்புங்க. இல்லாட்டி வேற ஆளைப் பார்ப்போம்."

பிள்ளைகளின் பாடங்களை வாசித்துப் பதியும் வேலை. கிடைத்தால் வீட்டிலேயே பிழைப்பு. கிடைக்காவிட்டால் கட்டார். அங்கே ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஏற்கனவே நச்சரிக்கிறான்.

குற்றம் என் தொண்டையில் இல்லை, மாமியின் டைல்சில். தரை, சுவர், எல்லாம் டைல்ஸ். கை தட்டினால் மூலைக்கு மூலை முட்டித் திரும்பி வருகிறது. மகள் றிஸானாவின் சீதன வீடென்று மாமி பார்த்துப் பார்த்துப் பதித்தது. நான் றிஸானாவைக் கட்டிக்கொண்டு வந்தவன்.

ஜூலை 9, புதன்
கூட்டாளி அஸ்மீரின் யோசனை: முட்டைத் தட்டு. பேக்கரியில் வாங்கி வந்து டேப் போட்டு ஒட்டினேன். டைல்சில் நிற்கவில்லை. பாதிப் பாடத்தில் பொத்துப் பொத்தென்று விழுகின்றன. நின்றவையும் ஒன்றும் கிழிக்கவில்லை. அவனுக்குப் போன்.

"அப்ப ஜன்னலப் பூட்டிப் பாரன்டா."

மடையன். ஜன்னலைப் பூட்டினால் தெருவில் பாண் விற்கிறவனின் பாட்டு நிற்கும். அறைக்குள் முட்டும் என் குரல் எங்கே போகும்?

ஜூலை 10, வியாழன்
சரியான வழி, குரலை உறிஞ்சும் தும்பு மெத்தை. சுவரோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளித் தொங்க வேண்டும். அதற்கு ஆணி வேண்டும். மாமியிடம் கேட்டேன்.

"ஆணியா? இந்தச் செவத்துலயா? டைல்ஸ் வெடிச்சா ஆருட ஊடு, மகன், பழுதாப் போற?"

என் வீடில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கே ஒரு கலண்டர்கூட மாட்டியதில்லை.

மெத்தையைக் கதிரைகளில் சாத்திப் பார்த்தேன். சரிந்து மைக்கின் மேல் விழுந்தது. மைக் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

ஜூலை 11, வெள்ளி
ஜும்ஆ முடிந்து வந்து, போர்வைக்குள் புகுந்து பதிவு. ஃபேனைப் போட்டால் இரைச்சல், நிறுத்தினால் வியர்வை. வெளியே மாமி: "என்னகா புள்ள, மருமகனுக்குக் காய்ச்சலா?" றிஸானா சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

ஏஜென்சிக்காரன் போன்: "மெடிக்கலுக்கு எப்ப வாறீங்க?" திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். றிஸானா கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குப் போக விருப்பமே இல்லை. அவளைப் பார்க்காமல் மறுபடியும் போர்வைக்குள் புகுந்தேன்.

ஜூலை 12, சனி
கல்முனை பஸாருக்குப் போய்த் தடித்த திரைத்துணி வாங்கி வந்தேன். வாசலிலேயே டக், டக் சத்தம். உள்ளே றிஸானா கதிரையில் ஏறி நிற்கிறாள். கையில் சுத்தியல். ஒரு டைல்ஸ் குறுக்காக வெடித்திருக்கிறது. மாமி நெஞ்சில் கை வைத்தபடி.

"பைத்தியமாகா உனக்கு?"

"ஊட்டு உறுதிப் பத்திரம் என்ட பேர்லதானே உம்மா கிடக்கு. அவர் அடிச்சாத்தானே பிழை? நான் அடிக்கிறன்."

"வெடிச்சிட்டு, பாத்தியா!"

"வெடிச்சாப் போகுது. அவரக் கட்டாருக்கு அனுப்பிட்டு, நான் டைல்ஸோடயா குடும்பம் நடத்துற?"

மாமி குசினி அடுப்பைப் பார்க்கப் போனார். நான் துணிப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.

"பாத்துக்கிட்டு நிக்காம, வந்து மெத்தையப் புடிங்க."