சனிக்கிழமை பரீட்சை, சனிக்கிழமை ஷிஃப்ட்

நவம்பர் 18, செவ்வாய்

மழை. படப்பையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் கணுக்கால் தண்ணீர். நாள் முழுக்க ஈர சாக்ஸோடு கார் ஆலை லைனில் நின்றாயிற்று.

சனிக்கிழமை பரீட்சை. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ். போன தடவை கோட்டை விட்ட பாடம். இந்தத் தடவையும் போனால் டிகிரித் திட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் வெறும் டிப்ளமோக்காரி, ஒப்பந்தம் முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். ஹெச்.ஆர். மேடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். வாரத்தில் ஆலை, சனி ஞாயிறு கல்லூரி. சேர்ந்த அன்று அப்பா செய்யாற்றில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், “சம்பளமும் குடுத்து என்ஜினியரும் ஆக்குறாங்களாம்” என்று. தூக்கத்தைப் பற்றி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

வாங்க: சாக்ஸ், தைலம், கறுப்புப் பேனா.
படிக்க: பீம், டார்ஷன், காலம் (தூண்).
படித்தது: ஒன்றுமில்லை.

நவம்பர் 19, புதன்

தூறல். தோள்பட்டை வலி, வலது பக்கம். போல்ட் முடுக்கும் கன்னைப் பிடிக்கிற கை.

என் வேலையைப் பாட்டி கதை மாதிரி யாருக்கும் சொல்ல முடியாது, அவ்வளவு சின்னது. வண்டி வரும். பின்சீட்டு பெல்ட்டின் போல்ட்டில் கன்னை வைத்து முடுக்கணும். பச்சை விளக்கு. மஞ்சள் பேனாவால் ஒரு கோடு. அடுத்த வண்டி. லைன் நிற்காது. நின்றால் யாரால் நின்றது என்று கேட்டுக்கொண்டு மாடியிலிருந்து ஆட்கள் இறங்குவார்கள். பாத்ரூம் போவதானாலும் மாற்றாள் வந்து கன்னைக் கையில் வாங்கின பிறகுதான் நகரலாம்.

சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் பாஸ்கர் சாரிடம் லீவு கேட்டேன்.

“சனிக்கெழம லைன் ஓட்றாங்கமா. மழையில பார்ட்ஸ் வராம கெடந்ததுக்கு அன்னிக்குத்தான் ஈடு கட்டணும். ஆளே இல்ல. இன்னா பண்ண சொல்ற?”

“எக்ஸாம் சார். ரெண்டாவது வாட்டி. இதுவும் போச்சுன்னா அவ்ளோதான்.”

மோர் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார். சாம்பாரில் முருங்கைக்காய், அதையும் பாதியில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 20, வியாழன்

வெயில்! துணி காய்ந்தது.

காலையில் பா. சார் தானாக வந்தார். “போய் எழுதிட்டு வா. உன் ஸ்டேஷன்ல நானே நிக்கறேன். எம் பொண்ணும் பன்னெண்டாவது படிச்சிகினு கீது. தெரியாதா எனக்கு?”

அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, வண்டி வந்தது, திரும்பிக்கொண்டேன்.

பஸ்ஸில் படிக்கலாம் என்று புத்தகத்தை மடியில் வைத்தேன், தூங்கிவிட்டேன். கண்டக்டர் இல்லாத பஸ், எழுப்ப ஆள் இல்லை. படப்பை தாண்டி இறங்கி நடந்து வந்தேன். இந்த மாதத்தில் இது எத்தனையாவது முறையோ.

வீட்டுக்கார அக்கா: “மோட்டார் போட்டா ஆஃப் பண்ணணும்னு தெரியாதா? டேங்க்கு ரொம்பி ரோட்ல ஓடுது!” நான்தான். போட்டது நினைவே இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

மறுபடி மழை.

முத்துலட்சுமிக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட். ஒரே ஆலை, ஒரே அறை, ஆனால் வாசலில்தான் பார்த்துக்கொள்கிறோம். நான் செருப்பைக் கழற்றும்போது அவள் ஷூ மாட்டுவாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, வாய்க்கு அணை கிடையாது.

“ஏட்டி, நாளைக்கு நல்லா எழுது. மூஞ்சியப் பாரு, அவிச்ச கிழங்கு கணக்கா இருக்கு. சீக்கிரம் படு.”

டார்ஷன் கணக்குகள் போட்டேன். வந்தது. மூன்று கணக்கும் விடை சரி. முறுக்கினால் தண்டுக்குள்ளே என்ன நடக்கிறது என்று இப்போது தெரிகிறது. எனக்குப் படிப்பு வரும். வராதவள் இல்லை நான், தூங்காதவள். இதை எழுதும்போதே சந்தோஷமாக இருக்கிறது.

ஹால் டிக்கெட், பேனா, கால்குலேட்டர் எல்லாம் பையில். காலையில் ரோட்டின் அந்தப் பக்கம் நிற்கணும், மணிமங்கலம் போகிற ஷேர் ஆட்டோ. அந்த வழியில்தான் கல்லூரி.

நவம்பர் 22, சனி

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி.

அலாரம் வழக்கம்போல. எழுந்தேன், குளித்தேன், ஆணியில் தொங்கியதைப் போட்டுக்கொண்டேன். யூனிஃபார்ம். பையை மாட்டிக்கொண்டு ரோட்டின் இந்தப் பக்கம் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன், தூங்கினேன். ஒரகடத்தில் எல்லாரும் இறங்க, நானும் இறங்கினேன். வரிசையில் போய் விரலை வைத்து பஞ்ச் போட்டேன். ஒரு நொடிகூட மனதில் வேறு நினைப்பு இல்லை.

உள்ளே நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள் எதிரே. அதில் மு.

“ஏட்டி! இங்க என்னட்டி செய்யுத? உனக்கு இன்னைக்குப் பரீச்சைல்லா?”

திரும்பி ஓடினேன். செக்யூரிட்டி விடவில்லை.

“இன் பஞ்ச் போட்டுட்டம்மா. சூப்பர்வைசர் கையெழுத்து போட்ட கேட் பாஸ் இல்லாம வெளிய வுட முடியாது.”

“எக்ஸாம் அண்ணா!”

“எனக்குப் புரியுதுமா. கம்ப்யூட்டருக்குப் புரியணுமே.”

அவரிடம் காலி பாஸ் படிவத்தை வாங்கிக்கொண்டு லைனுக்கு ஓடினேன். பா. சார் சொன்ன சொல்லைக் காப்பாற்றி என் ஸ்டேஷனில் நின்றிருந்தார், கையில் என் கன். என்னைப் பார்த்ததும், “இன்னாமா நீ இங்க கீற?” சொன்னேன். தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவருக்குக் கை காலி இல்லை. வண்டி வந்துகொண்டிருந்தது.

“இத கொஞ்சம் புடி, நான் கையெழுத்து போட்றேன்.”

கன்னை வாங்கினேன். போல்ட், பச்சை, மஞ்சள் கோடு. அவர் பாஸைத் தூணில் வைத்து எழுதினார், ஊதா மையில் நேரம் போட்டார், பெயர் எழுதினார். நீட்டினார். நான் வாங்கவில்லை. அடுத்த வண்டி வந்திருந்தது. போல்ட்டில் கன்னை வைத்துவிட்டேன்.

“ஏய், கைய எடும்மா! கெளம்பு!”

கோடு போட்டுவிட்டுத்தான் எடுத்தேன்.

பிறகு ஓட்டம். ஒரகடம் ஜங்ஷனில் கார் ஏற்றிய டிரெய்லர் ஒன்று நான் ஏறிய பஸ்ஸுக்குக் குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. படப்பையில் ஷேர் ஆட்டோ, ஆள் நிறைய வேண்டும் என்று நின்றான், நானே எல்லா சீட்டுக்கும் தருகிறேன் என்று கத்தினேன். பரீட்சை தொடங்கி அரை மணி வரை உள்ளே விடுவார்கள். நான் படி ஏறும்போது மேலே கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தட்டினேன். மேற்பார்வைக்கு வந்த மேடம் திறந்து, என் யூனிஃபார்மைப் பார்த்தார், ஷூவைப் பார்த்தார்.

“இப்பதாம்மா ஆப்சென்ட் ஷீட்ல உன் நம்பர எழுதினேன். இனி அத அடிக்கக் கூடாது. ஒரு நிமிஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?”

ஜன்னல் வழியாகக் கரும்பலகை தெரிந்தது. எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

மழை இல்லை, வெயிலும் இல்லை. மதியம் வரை தூங்கினேன். வெட்கமில்லாமல் நல்ல தூக்கம்.

அப்பா போன். எடுக்கவில்லை. பா. சார் மெசேஜ்: எக்ஸாம் எப்படிமா? பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். அவர்மேல் கோபம் வருமா என்று தேடிப் பார்த்தேன், வரவில்லை. நாளைக்கு ஹெச்.ஆர். கூப்பிடும்.

மு. தக்காளி சாதம் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். எல்லாவற்றையும் அவளிடம்தான் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. சாதத்தை என் பக்கம் தள்ளிவிட்டுக் கேட்டாள்.

“மொத வண்டி சரி, அவரு சொன்னாரு. ரெண்டாவது வண்டிய ஏம்ட்டி தொட்ட?”

“வந்துச்சு.”