மிச்சம் என்று வாசித்த சொல்

மம்சாபுரம்
1991, ஆவணி 12

அன்பு மகன் கண்ணபிரானுக்கு, உன் தகப்பன் அழகியமணவாளன் சொல்லச் சொல்ல, ஜவுளிக்கடை அசன் முகம்மது எழுதுவது. ஆண்டாள் கிருபையால் அகமதாபாத்தில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இவ்விடம் சுகம் என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன். அசன் பேனாவைத் தூக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். சரி, அதை விட்டுவிடு என்றேன்.

மில்லில் பங்குனியிலிருந்து சம்பளம் இல்லை. பஞ்சு விலை ஏறிவிட்டது, கரண்டு வருவதில்லை, நூல் தேங்கிக் கிடக்கிறது என்று மாதத்துக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இப்போது காரணம் சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். உன் தம்பி சம்பத்குமார் காலையில் வழக்கம்போல இராஜபாளையம் பஸ்ஸில் ஏறிப் போகிறான், மில் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பி வருகிறான். அவன் பெண்டாட்டி பத்மாசனி தீப்பெட்டி ஒட்டி அடுப்பை எரிய வைக்கிறாள்.

நான் எழுதச் சொன்னது இதற்காக அல்ல. மில் தொடங்கிய காலத்தில் ஊர் ஊராக வந்து பங்குப் பணம் கேட்டார்களே, அப்போது ஒரு ஜோடி மாட்டை விற்று ஐம்பது ஷேர் வாங்கினேன். அதில் செவலைக்கு இடது கொம்பு மடங்கியிருக்கும். வாங்கிப் போனவன் சுந்தரபாண்டியத்துக்காரன். ஷேர் வாங்கியதிலிருந்து வருஷா வருஷம் கம்பெனியிலிருந்து ஒரு புத்தகம் வரும். எனக்கு எழுத்து தெரியாது. டிவிடெண்ட் செக் விழுகிறதா என்று உதறிப் பார்த்துவிட்டுப் பரணில் போட்டுவிடுவேன். மூன்று வருஷமாக ஒன்றும் விழவில்லை.

இந்த வருஷம் யூனியன் தலைவர் சிவனாண்டி வீடு தேடி வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். தொழிலாளி வீடுகளில் ஷேர் உள்ளது என் ஒருவனிடம்தானே. அசன்தான் இங்கிலீஷை எழுத்துக் கூட்டி வாசித்தான். கடன் எழுதுகிற இடது பக்கத்தில், நம் ஷேர் பணத்துக்குக் கீழே, "ரிசர்வ்ஸ் அண்ட் சர்ப்ளஸ்" என்று ஒரு வரி. அதற்கு நேரே ஒரு கோடியே எண்பத்து நாலு லட்சம். சர்ப்ளஸ் என்றால் என்ன என்று சிவனாண்டி கேட்டார். மிச்சம் என்றான் அசன். ரிசர்வ் என்றால் யாரும் கேட்க வேண்டியதில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்து வைக்கிற மாதிரி, எடுத்துத் தனியே வைத்தது. அதற்கு மேல் யாரும் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

மறுநாளே மில் முழுக்க இதுதான் பேச்சு. சம்பளம் கேட்டால் கையை விரிக்கிறவன் மிச்சமாக ஒண்ணேமுக்கால் கோடிக்கு மேலே பூட்டி வைத்திருக்கிறான் என்று டீக்கடைக்கு டீக்கடை கொதிக்கிறார்கள். அடுத்த வாரம் மில் கேட்டில் சாகும்வரை உண்ணாவிரதமாம். முதல் பெயராக உன் தம்பி தன் பெயரைக் கொடுத்திருக்கிறான். தை மாதம் மஞ்சள் காமாலையில் கிடந்து எழுந்தவன் அவன். ஒரு வேளைகூடப் பட்டினி ஆகாது என்று டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும்.

எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. முப்பது வருஷம் அதே மில்லில் பஞ்சு சுமந்தவன் நான். கேண்டீனுக்குப் பால் ஊற்றுகிறவருக்கு நாலு மாதமாகப் பாக்கி என்று கேள்வி. பெட்டியில் கோடியை வைத்துக்கொண்டு பால்காரருக்குப் பாக்கி வைப்பானா என்று உன் தம்பியிடம் கேட்டேன். "உங்களுக்கென்ன யப்பா, நீங்களும் முதலாளிதான" என்றான்.

நீ கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். அந்தப் பக்கத்தையும் அதன் எதிர்ப்பக்கத்தையும் அசன் அர்த்தம் பார்க்காமல் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறான். அது பணமா, இல்லையா? கையோடு பதில் போடு. தாமதித்தால் பலன் இல்லை.

உன் தகப்பன்
அழகியமணவாளன், கைநாட்டு


மம்சாபுரம்
1991, ஆவணி 26

கண்ணபிரானுக்கு ஆசீர்வாதம். உண்ணாவிரதம் தொடங்கி மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. உடனே பதில் போட்டாய் என்பது தபால் முத்திரையிலேயே தெரிகிறது என்று அசன் சொன்னான். நல்லது.

மூன்று தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ரிசர்வ் என்பது பணம் இருக்கிற இடத்தைச் சொல்லவில்லை, பணம் வந்த வழியைச் சொல்கிறது. அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று எதிர்ப்பக்கத்தில் பாருங்கள் என்று எழுதியிருந்தாய். புரட்டினோம். கட்டடம், மெஷின், பஞ்சு இருப்பு, விற்காத நூல், வியாபாரிகளிடமிருந்து வரவேண்டியது. எல்லாம் வரிசையாக நிற்கிறது. கடைசியில், கையிலும் பேங்கிலும் உள்ளது இரண்டு லட்சத்துச் சொச்சம். அறுநூறு பேருக்கு அரை மாதச் சம்பளம் காணாது. மெஷினை விற்கலாம் என்றால் அது பேங்க்காரன் பேரில் ஈடாகக் கிடக்கிறது என்று வேறொரு மூலையில் போட்டிருக்கிறது.

அசன் அதை வாசிக்கும்போதே எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்துவிட்டது. பிளவக்கல் அணை நிரம்பி மறுகால் பாய்ந்த வருஷம் நூல் நல்ல விலைக்குப் போயிற்று. டிவிடெண்ட் மட்டும் கொஞ்சமாகத்தான் வந்தது என்று உன் அம்மா திட்டினாள். அந்தச் சித்திரையில்தான் கோயம்புத்தூரிலிருந்து எட்டு நூற்பு மெஷின் லாரியில் வந்து இறங்கியது. இறக்கும்போது நானும் கயிறு பிடித்தேன். நமக்குத் தராமல் வைத்த மிச்சம் அங்கே இரும்பாக நிற்கிறது. அந்த இரும்பும் தேய்ந்து போயிருக்கிறது, அதற்குத் தேய்மானம் என்று தனியாக ஒரு கணக்கு.

புரிந்துவிட்டது. ஆனால் புரிந்ததில் நிம்மதி இல்லையப்பா. சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிற பிள்ளையிடம் போய், நீ எதைக் கேட்டுக் கிடக்கிறாயோ அது உள்ளே இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அவன் உடம்பு என்ன ஆகும்? ஒரு நாள் முழுக்கத் தெருவில் மேலேயும் கீழேயும் நடந்தேன். சொன்னால் அப்பனை முதலாளி ஆள் என்பான் என்று அசனிடம் புலம்பினேன். "மகன் ஏசுறதக் கேக்கவாவது மகன் இருக்கணும் அண்ணாச்சி" என்றான் அவன். பஸ் ஏறிவிட்டோம்.

மில் கேட்டு முன்னால் ஓலைப்பந்தல். உள்ளே உன் தம்பி படுத்திருந்தான். உதடு வெடித்து, கண்ணில் மறுபடியும் மஞ்சள். என்னைப் பார்த்ததும் சிவனாண்டி, "ஷேர்காரர் வாராரு, எடம் விடுங்கப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உன் கடிதத்தை உன் தம்பி கையில் கொடுத்தேன். படித்தான். புத்தகத்தைக் கேட்டு வாங்கினான். அவனே எதிர்ப்பக்கத்தைப் புரட்டி, ஒவ்வொரு வரியாக வந்து கடைசி வரியில் நிறுத்தினான்.

"அப்ப உள்ள ஒண்ணுமே இல்லையா யப்பா?"

"இல்லலே."

"அம்புட்டும் எங்க போச்சு?"

"நீ ஓட்டுத மெஷினுதாம்லே அது."

புத்தகத்தை மூடி என் பக்கம் தள்ளினான். பிறகு யாரையும் பார்க்காமல் தண்ணீர் கேட்டான். பத்மாசனி எலுமிச்சம்பழச் சாறு கொடுத்தாள். குடித்தான். அவன் குடித்ததும் கூடப் பட்டினி கிடந்த மற்ற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பந்தலுக்கு வெளியே ஒருவன் காறித் துப்பியது என் காதில் விழுந்தது.

சிவனாண்டி கெட்டவர் இல்லை. பஸ் நிற்கிற இடம் வரை என்னோடு நடந்து வந்தார். "ரெண்டு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆள் வருதாகன்னு சொன்னாவ" என்றார். பணம் இல்லாத இடத்தில் கலெக்டர் வந்து என்ன செய்வார் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஒருவேளை ஏதாவது செய்திருப்பாரோ என்று இன்றுவரை அரித்துக்கொண்டிருக்கிறது.

உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். மற்றதைப் பிறகு எழுதச் சொல்கிறேன்.

உன் தகப்பன்
அழகியமணவாளன், கைநாட்டு


மம்சாபுரம்
1991, புரட்டாசி 14

கண்ணபிரானுக்கு உன் தகப்பன் எழுதச் சொல்வது. பெருமாளுக்கு உகந்த மாதம்; உனக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதே நடக்கட்டும்.

மில்லின் வருஷக் கூட்டத்துக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் போனதே இல்லை. மேடையில் இருந்தவர் இது உங்கள் கம்பெனி என்று ஆரம்பித்தார். காப்பியும் காராச்சேவும் வந்தன. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் எழுந்து, ஐயா, என் மகனுடைய சம்பளப் பாக்கி இந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். யாரோ சிரித்தார்கள். கணக்குப் பிள்ளை ஒருவர், சின்ன வயசுதான், மேடையை விட்டு இறங்கி வந்து காட்டினார். இடது பக்கத்தில், கீழே, "இதர பொறுப்புகள்" என்று ஒரு வரி; அதற்குள்தான் எல்லாருடைய சம்பளமும் இருக்கிறதாம். அறுநூறு பேரும் ஒரே வரிக்குள். அடையாளம் தப்பிவிடக் கூடாது என்று அந்த வரி மேல் வெற்றிலைச் சுண்ணாம்பை ஒரு பொட்டு வைத்துக்கொண்டேன்.

மில்லை மூடி எல்லாவற்றையும் விற்றால் யாருக்கு முதலில் கிடைக்கும் என்றும் அவரிடம் கேட்டேன். தொழிலாளிக்கும் பேங்குக்கும் முதல் பந்தி, ஷேர்காரருக்குக் கடைசிப் பந்தி, அப்போது இலையில் ஏதும் மிஞ்சினால் உண்டு என்றார். எனக்கு ஒரு விதத்தில் சந்தோஷம். மகன் முதல் பந்தி, நான் கடைசிப் பந்தி. அப்படித்தானே இருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து உன் தம்பியிடம் அந்தச் சுண்ணாம்புப் பொட்டைக் காட்டினேன். உன் சம்பளம் தொலையவில்லை, இதோ கடன் என்று ஒத்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்றேன். பார்த்தான். "எழுதி வச்சா போதுமா யப்பா" என்றான். அதுதான் அவன் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு ஆமாம், இல்லை, அவ்வளவுதான்.

மிச்சம் இருக்கிறது என்று நம்பியிருந்தபோது அவன் பட்டினியிலும் கண்ணில் தீ வைத்திருந்தான். சண்டை போட எதிரில் ஒரு ஆள் இருந்தான். நான் புத்தகத்தைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகு அவனுக்கு எதிரே யாரும் இல்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். உடம்பு தேறி வருகிறது என்று டாக்டர் சொல்கிறார். இப்போதெல்லாம் அவன் வெளியே கிளம்பினால் நானும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிடுகிறேன். கண்மாய்க் கரை வரை போகிறான், உட்காருகிறான். நானும் பத்தடி தள்ளி உட்காருகிறேன். எதற்கு வருகிறீர்கள் என்று அவன் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அசன் இந்த இடத்தில் எழுதாமல் நின்றான். எழுது என்று சொன்னேன்.

உன் ஊரிலும் மில்லுகள் உண்டு. வேலை வாங்கிக் கொடு என்று நான் கேட்கவில்லை. உன் நிலைமை எனக்குத் தெரியாது. நீ மதுரையில் பி.காம். படித்த மூன்று வருஷமும் பீஸ் கட்டியது அவன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு அந்த மில்லில் வாங்கிய சம்பளம். அதை எந்தப் பக்கத்தில் எழுத வேண்டும் என்று கணக்குப் படித்த உனக்குத் தெரியும். நான் சொல்லப் போவதில்லை.

இனி எனக்குக் கணக்குக் கடிதம் வேண்டாம். எனக்கு எழுதவே வேண்டாம். அவனுக்கு எழுது. கிளம்பி வாலே தம்பி என்று ஒரு வரி எழுதினாலும் போதும்; அதுகூட வரவில்லை என்றால் மழை உண்டா, அங்கே என்ன சாப்பிடுகிறாய், எதையாவது எழுது. அவனுக்கும் எனக்கும் ஒரே வீட்டு நம்பர்தான். ஆனால் உறை மேல் என் பெயரைப் போட்டுவிடாதே. தபால்காரர் வாசலில் நின்று சம்பத்குமார் என்று அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அவன் எழுந்து போய் வாங்க வேண்டும்.

நீ நூறு வயசு இருப்பாய். உன் தம்பியும் இருக்க வேண்டும்.

உன் தகப்பன்
அழகியமணவாளன், கைநாட்டு