மெழுகுக் கால்

அன்புள்ள அல்பானோவுக்கு தியோலிந்தா எழுதுவது.

மாதாவின் கருணையால் நானும் பேத்தி லியோனோரும் லக்சம்பர்க்கில் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா? வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? பேத்தி நாலு பாஷை பேசுகிறாள். அஞ்சாவது படித்த எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன ஞாயிறு நம் போர்ச்சுகல்காரர்களோடு மாதா மலைக்குப் போனேன். வேண்டுதலுக்கு மெழுகில் தலைதான் வாங்கியிருக்க வேண்டும். நம் மகன் ரூய் செத்ததிலிருந்து எனக்கு நோவு அங்கேதான். தலையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பைத்தியம் என்பார்களே என்று கால் ஒன்றை வாங்கினேன். என்னோடு துப்புரவு வேலை செய்யும் இடலீனா விடுவாளா?

"ஏண்டி, நேத்து மூணு மாடி ஏறித் துடைச்சியே, காலுக்கு என்ன கேடு?" என்றாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "கால் நல்லாத்தான் இருக்கு. மனசுதான் சரியில்ல. டாக்டர்கிட்ட மாத்திரை வாங்கிச் சாப்பிடறேன்" என்று எல்லார் காதிலும் விழச் சொல்லிவிட்டேன்.

அவள் தன் கையிலிருந்த மெழுகு வயிற்றைப் பார்த்தாள். "எனக்கும் நோவு வயித்துல இல்லடி" என்றாள் மெதுவாக.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். உங்கள் சட்டை ஒன்றும் வையுங்கள், துவைக்க வேண்டாம்.

வியாழக்கிழமை நம் ஊருக்கு டாக்டர் வருவார். சவரம் செய்துகொண்டு போய்ப் பாருங்கள். போனில் எப்போது கேட்டாலும் சளி என்கிறீர்கள். மகன் போன நாளிலிருந்து கம்மிய குரல் அது, எனக்குத் தெரியாதா?

வேலைக்குப் பஸ் வந்துவிட்டது. ரூயை விட்டுவிட்டோம், அல்பானோ. உங்களையும் விட்டுவிட என்னால் ஆகாது.

தியோலிந்தா