மணலைக் கொட்டிய இடத்தைக் காட்டும்படி

அனுப்புநர்:
பெருக்கித் துடைக்கும் பணியாளர்
(பிள்ளைகள் கூப்பிடுவது: வரிக்குதிரையக்கா),
ஆற்றுப்பாலத்தை அடுத்த நடுநிலைப் பள்ளி.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
கல்வி அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: மூன்றாம் வகுப்பு அலமாரியில் இருந்த போட்ஸ்வானா நாட்டு மணலை எங்கே கொட்டினார்கள் என்று கேட்டுச் சொல்லும்படி வேண்டுவது.

பார்வை: பள்ளி இருப்புப் பதிவேடு, பக்கம் 41, கடைசி வரி. பக்கத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. எட்டாம் வகுப்புக் கரும்பலகையில் மனு எழுதும் முறை என்று ஒன்று எழுதிப் போட்டிருந்தார்கள். துடைப்பதற்கு முன்னால் அதைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அது தெருவிளக்கு எரியாததைப் பற்றிய மனு. எங்கேயாவது விளக்குக் கம்பம் குறுக்கே வந்தால் ஐயா பொறுத்துக்கொள்ளவும். நான் உங்கள் அலுவலகத்திலும் இரண்டு வருடம் பெருக்கியவள்தான். உங்கள் மேசைக்கடியில் கடலைத் தோல் போட்டது யார் என்று இன்றுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. ஆகவே என்னை நம்பலாம்.

1. சென்ற பிப்ரவரியில் 'உலகை அறிவோம்' வாரம் நடந்தது. வகுப்புக்கு ஒரு நாடு என்று சீட்டுக் குலுக்கியதில் மூன்றாம் வகுப்புக்குப் போட்ஸ்வானா விழுந்தது. பிள்ளைகளுக்கு முகம் தொங்கிவிட்டது. "போங்க டீச்சர், இது நாடே இல்ல, ஏதோ பிஸ்கட்டுப் பேரு" என்று ஒருத்தி அழவே தொடங்கிவிட்டாள். டீச்சரும் உலக உருண்டையைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தார். தரை துடைத்துக்கொண்டிருந்த நான் துடைப்பக் கட்டையை நீட்டி, ஆப்பிரிக்காவின் கீழ்ப்பக்கத்தில், நாலு பக்கமும் கடல் ஒட்டாத இடத்தில் வைத்தேன். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் அங்கதான் இருக்காரு" என்றேன். அது பொய் இல்லை.

2. என் வீட்டுக்காரர் போர்வெல் இயந்திர மெக்கானிக். பதினோரு வருடம் அந்த நாட்டுப் பாலைவனத்தில் மாடு மேய்ப்பவர்களுக்குக் கிணறு தோண்டினார். கடிதத்திலும் குறும்புதான். "உலகத்திலேயே யானை அதிகம் இருக்கிற நாடு இது. நேத்து ஒண்ணு வழியை மறிச்சு நின்னு என்னையே பாத்துச்சு. உன் ஞாபகம் வந்துடுச்சு" என்று எழுதுவார். அதற்கு நான் எழுதிய பதிலை அலுவலகத்துக்கு எழுத முடியாது. ஆறு வருடம் முன்பு ஓர் இரும்புக் குழாய் நழுவி அவர் மேல் விழுந்தது. உடலைக் கொண்டுவர வழியில்லாமல் அங்கேயே அடக்கம் செய்தார்கள். அன்று மழை பெய்ததாம். அங்கே மழைக்குப் 'புலா' என்று பெயர். காசுக்கும் அதே பெயர், ஆசீர்வாதத்துக்கும் அதே பெயர். குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேரும் "புலா" என்று சொன்னார்களாம். அவரோடு வேலை செய்த அந்த ஊர்க்காரர், இவர் அண்ணன் என்று கூப்பிட்டவர், குழிமேட்டிலிருந்து ஒரு பாட்டில் மணல் அள்ளி, ஊர் திரும்பிய ஆளிடம் கொடுத்தனுப்பினார். சிவப்பு மணல், மாவு மாதிரி. எனக்கு வந்து சேர்ந்த வீட்டுக்காரர் அவ்வளவுதான். இதைப் பள்ளியில் ஒருவருக்கும் சொல்லவில்லை. முதலில் சொல்வது ஐயாவுக்குத்தான்.

3. அந்த மணலை ஏன் பள்ளிக்குக் கொண்டுபோனாய் என்று கேட்பீர்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. தகரப் பெட்டிக்குள் ஆறு வருடம் இருட்டில் இருந்த மனிதர், நாலு பிள்ளை முகத்தைப் பார்க்கட்டுமே என்றுதான். அவர் அனுப்பிய பனையோலைக் கூடை ஒன்றையும், நெருப்புக்கோழி முட்டை ஓட்டுத் துண்டையும் கூடவே கொண்டுபோனேன். பாட்டிலில் ஒரு பையன் சீட்டு எழுதி ஒட்டினான்: 'போட்ஸ்வானா மண். தொடலாம். கொட்டக் கூடாது.' முப்பத்திரண்டு பிள்ளைகளும் விரல் விட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி "சூடா இருக்குக்கா" என்றாள். வெயிலில் வைத்த பாட்டில், வேறொன்றும் இல்லை. ஆனாலும் நான் துணியை எடுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

4. அந்த ஒரு வாரம் டீச்சர் பாதி நடத்தினார், நான் பாதி. ஓகவாங்கோ என்ற ஆற்றைக் காட்ட, துடைத்த வாளித் தண்ணீரை மைதானத்தில் கொட்டி, துடைப்பத்தால் ஐந்து விரல் மாதிரி கிழித்துவிட்டேன். தண்ணீர் கிளை கிளையாய் ஓடி மண்ணுக்குள் போய்விட்டது. மழை பெய்வது வேறு நாட்டில். அந்த வெள்ளம் மாதக்கணக்கில் நடந்து, போட்ஸ்வானா எல்லாம் காய்ந்து கிடக்கும்போதுதான் வந்து சேரும். கடலுக்குப் போகாது. "அப்ப ஆறு தொலைஞ்சு போச்சாக்கா?" என்று கேட்டான் சீட்டு எழுதிய பையன். "தொலையலடா, அங்கேயே தங்கிடுச்சு. அதைக் குடிச்சுத்தான் யானையும் வரிக்குதிரையும் உசுரோட இருக்கு" என்றேன். கோடு போட்ட மேலங்கியில் நின்று சொன்னதால் அன்றிலிருந்து வரிக்குதிரை நான்தான். கீரி மாதிரி ஒரு பிராணி இரண்டு காலில் நின்று தன் கூட்டத்துக்குக் காவல் காக்கும் என்றதும், எல்லாப் பிள்ளையும் ஜன்னல் பக்கம் திரும்பி, ஸ்டோர் ரூம் வாசலில் சாவியோடு நிற்கும் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை ஐயா. சிரித்தது மட்டும் உண்மை. ஊர்ப் பொதுவிடத்தில் அங்கே கூட்டம் போட்டால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில்தான் வாய் திறப்பார் என்றும் சொன்னேன். வகுப்பில் அப்படியே ஒரு கூட்டம் போட்டோம். கடைசிவரை பேசாமல் இருக்க வகுப்புத் தலைவி பட்ட பாடு இருக்கிறதே! மூன்றாம் வகுப்புக்கு முதல் பரிசு கிடைத்தது.

5. பரிசு வாங்கிய பொருள் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று பெரிய சார் சொன்னார். பள்ளிச் சொத்து என்று பதிவேட்டில் ஏற்றினார்கள். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறு எதிலும் கையெழுத்துப் போடாதவள் நான். பெருமையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் போட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

6. மே விடுமுறையில் உங்கள் அலுவலகத்திலிருந்து, பயனற்ற பொருள்களை அகற்றி அறைகளைக் காலி செய்யவும் என்று உத்தரவு வந்தது. பள்ளி திறந்த முதல் நாள் குழாயடியில் பன்னிரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் வைத்து, கழுவச் சொன்னார்கள். கழுவினேன். ஏழாவது பாட்டிலின் மூடியில் ஒரு நசுங்கல் இருந்தது. அந்த நசுங்கல் என் வீட்டுப் படிக்கட்டில் விழுந்து ஆனது. அதற்குள் பாட்டிலை நன்றாக அலசி, எழுத்துக் கரைந்துபோயிருந்த சீட்டையும் தேய்த்து எடுத்திருந்தேன். சுத்தமாய்க் கழுவுவேன் ஐயா, என் வேலையில் குறை சொல்ல முடியாது. மூடியின் மரைக்குள் மட்டும் கொஞ்சம் சிவப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கழுவவில்லை. ஆறு வருடமாய் அழாதவள் அன்று குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். தண்ணீர் வீணானதற்கு மன்னிக்கவும்.

7. பதிவேட்டில் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் விடுமுறையில் புதிதாய் நிலை எழுதியிருந்தார்கள். 'கூடை 1, நல்ல நிலை. ஓடு 1, நல்ல நிலை. பாட்டில் 1, நல்ல நிலை. மணல், பயனற்றது, அகற்றப்பட்டது.' யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்று சொல்வோம். மனுஷன் செத்தால் ஒரு பாட்டில், அதிலும் பாட்டில்தான் நல்ல நிலை.

8. எங்கே கொட்டினீர்கள் என்று ஸ்டோர் கீப்பரைக் கேட்டேன். சாவிக்கொத்து என்று நாங்கள் கூப்பிடுகிற அவர் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். முதல் நாள், "என்னம்மா, மண்ணுக்குப் போயி மனு போடுவியா?" என்று சிரித்தார். அடுத்த நாள், "லாரியில போயிருக்கும்" என்றார். அதற்கடுத்த நாள், "தோட்டமோ என்னமோ, ஞாபகமில்ல" என்றார். நான் விடாமல் நின்றதும் முகம் வெளுத்துவிட்டது. "அந்த மண்ணுல என்ன இருந்துச்சும்மா? எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ள இருக்கு. வேலைக்கு ஒண்ணும் வராதே?" என்று கேட்டார். அவருக்கு இடம் தெரியும். பயத்தில் சொல்லாமல் இருக்கிறார். அவரும் பாவம், தாளில் இருந்ததைத்தான் செய்தார்.

9. காலிப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, இப்போது நான்காம் வகுப்புக்குப் போய்விட்ட அந்தப் பிள்ளைகள் மைதானத்து மண்ணைக் கால்சட்டைப் பையில் அள்ளி வந்தார்கள். "இந்தாங்கக்கா, போட்ஸ்வானா" என்று போட்டு நிரப்பினார்கள். கறுப்பு மண், நடுவில் ஒரு மிட்டாய்த் தாள். "நிறம் மாறியிருக்கேடா" என்றேன். "அங்க மழை பேஞ்சிருக்கும்க்கா, அதான்" என்றான் சீட்டு எழுதிய பையன். வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய?

10. ஆகவே ஐயாவிடம் கேட்பது இவ்வளவுதான். கூடையும் ஓடும் பள்ளிக்கே இருக்கட்டும், அடுத்த வருடப் பிள்ளைகளும் பார்க்கட்டும். ஸ்டோர் கீப்பர் மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம். எடுத்தால் அவர் வாய் திறக்கவே மாட்டார். உண்மையைச் சொன்னால் ஒன்றும் செய்ய மாட்டோம் என்று ஒரு தாளில் எழுதி, முத்திரை வைத்து அவருக்குக் கொடுங்கள். போட்ஸ்வானா தலைவர் மாதிரி அவரை முதலில் பேசவிட்டு, ஐயா கடைசியில் பேசினால் போதும்.

மணல் லாரியில் போயிருந்தால் அதையாவது சொல்லச் சொல்லுங்கள். தேடுவதை விட்டுவிடுகிறேன். பள்ளிக்குள் எங்கேயாவது கொட்டியிருந்தால் அந்த இடத்தைக் கையால் காட்டச் சொல்லுங்கள். அள்ள மாட்டேன், வேலி கட்ட மாட்டேன், பிள்ளைகள் ஓடட்டும். தினமும் காலை ஏழு மணிக்கு இந்தப் பள்ளி முழுவதையும் பெருக்கிக் குப்பைத் தொட்டியில் போடுகிறவள் நான்தான். பள்ளி திறந்து இன்றோடு நாற்பது நாளாகப் பெருக்கிவிட்டேன். எந்த இடம் என்று தெரிந்தால் நாளையிலிருந்து அதை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குவேன்.

இப்படிக்கு, ஐயாவின் பதிலை எதிர்பார்த்து வாசலைப் பெருக்காமல் நிற்கும்,

(கையொப்பம்)
வரிக்குதிரையக்கா

நாள்: ஜூலை 18
இடம்: பள்ளியின் பின்வாசல்

இணைப்பு: இல்லை. மூடியை அனுப்பலாம் என்று எடுத்து வைத்தேன், மனம் வரவில்லை. பார்க்க வேண்டும் என்றால் ஐயா நேரில் வரவும்.