ஒரு முழக் குழி

அத்தை,

இன்று காலை அம்மா அரிவாள்மணையில் பாகற்காய் அரிந்தவள் சட்டென்று கையை உதறினாள். வெள்ளைப் புழு ஒன்று தரையில் விழுந்து, உடம்பை வளையமாகச் சுருட்டி எம்பிக் குதித்தது. போன வருஷம் இதே புழுக்களைத் தீப்பெட்டியில் அடைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் உயரம் தாண்டும் போட்டி நடத்தியவன் நான். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா போனபின் எங்கள் வீட்டுக்கு வந்த நீங்கள், கிணற்றோரம் அப்பா விட்டுக்கொடுத்த அரை ஏக்கரில் பந்தல் போட்டீர்கள். "இந்தப் பாவக்காய் கை குடுத்துட்டா நான் எதுக்குடா உடும்பஞ்சோலைக்குப் போயி ஏலக்காய் பறிக்கோணும்? இங்கியே இருந்துக்குவேன்" என்றீர்கள். முதல் மூட்டை வாளையார் எல்லை தாண்டிக் கோயமுத்தூருக்கு லாரி ஏறிய அன்று எனக்கு மட்டும் தனியாகப் பணியாரம் சுட்டுத் தந்தீர்கள்.

அப்புறம் அந்த ஈ வந்தது. செம்பழுப்பு உடம்பு, மஞ்சள் கோடு. "பட்டுச்சேலை கட்டீட்டு வருதுங்க அத்தை, தாம்பூலம் வெச்சுக் கூப்பிட்டீங்களா?" என்று கேட்டு உங்களிடம் மண்ணாங்கட்டி அடி வாங்கினேன். பிஞ்சின் தோலைப் பின்புறத்து ஊசியால் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். வெளியே ஒரு புள்ளி மட்டும் தெரியும். காய் அந்தப் பக்கமாகக் கோணி, வெம்பி, உதிரும்.

கிராமசேவகர் சைக்கிளை நிறுத்தி விவரம் சொன்னார். உதிர்ந்த காயிலிருந்து புழு மண்ணுக்குள் இறங்கி, கோதுமை மணி போலக் கூடாகி, பத்து நாளில் ஈயாக மேலே வருமாம். அதனால் உதிர்ந்ததை அன்றன்றைக்கே பொறுக்கி ஒரு முழ ஆழத்தில் புதைத்து மிதிக்க வேண்டும். அந்த வேலையை என்னை நம்பிக் கொடுத்தீர்கள்.

கோடைமண் கடப்பாரையையே திருப்பி அனுப்பியது. நான் ஒரு சாண் குழி பறித்துக் காய்களைக் கொட்டி, மேலே மண்ணைத் தூவிவிட்டுப் பந்தாட ஓடினேன். "ஒரு மொழம் தோண்டுனயாடா?" என்று கேட்டீர்கள்.

"ரெண்டு மொழமுங்க அத்தை. இன்னுங் கொஞ்சம் போயிருந்தா அமெரிக்காக்காரன் காலு தட்டுப்பட்டிருக்கும்."

"வாய் மட்டும் இல்லீன்னா உன்னைய நாய் தூக்கீட்டுப் போயிரும்" என்று சிரித்தீர்கள். குழியைப் பார்க்க வரவில்லை.

பத்து நாளில் ஈ பெருகிவிட்டது. பழைய பரீட்சைத் தாள்களைக் கிழித்துப் பிஞ்சுகளுக்குச் சுற்றிக் கட்டினோம். "என்ற கணக்கு மார்க்கைப் பாத்தா ஈயே பயந்து ஓடிருமுங்க" என்றேன். ஒரு வாரம் கழித்துத் தாளைப் பிரித்தால் உள்ளே புழு நெளிந்தது. "கட்டறதுக்கு முந்தியே குத்தீட்டாளே பாவி" என்று பந்தலடியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

கொடியை வேரோடு பிடுங்கிய அன்று அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். "இவனை நம்பிக் குழி தோண்டச் சொன்னா வெளங்குமா?"

"அவனை ஏனுங்ணா வையறீங்க? பையன் ரெண்டு மொழம் தோண்டியிருக்கறான். என்ற நேரம் அப்படி."

ஊரையே வாயடிக்கும் நான், பிடுங்கிய கொடியை அள்ளிக்கொண்டு குப்பைமேட்டுக்கு நடந்தேன்.

நீங்கள் ஏலத்தோட்ட வேலைக்குக் கம்பம்மெட்டு மலை ஏறிப் போனீர்கள். மழை தொடங்கியதும் காய்ச்சல் என்று ஒரு கடிதம் வந்தது. அடுத்த கடிதம் வந்தபோது உங்களை அடக்கம் செய்து ஐந்து நாளாகியிருந்தது.

அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலும் உதிர்ந்தது உதிர்ந்தபடிதான் கிடந்தது. நான் ஒழுங்காகத் தோண்டியிருந்தாலும் அங்கிருந்து ஈ வந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அப்படியானால் எந்த வழியிலும் நீங்கள் இங்கே இருந்திருக்க முடியாது. அதில் என்ன ஆறுதல்?

அம்மா அரிந்து போட்டதை அள்ளிக்கொண்டு பந்தல் இருந்த இடத்துக்குப் போனேன். உள்ளங்கை கொப்புளிக்கத் தோண்டினேன். குழிக்குள் கையை விட்டு அளந்தேன். விரல் நுனி அடியைத் தொட, முழங்கை மேல்மண்ணுக்குச் சரியாக இருந்தது. கொட்டி, மூடி, மிதித்தேன். ஈ என்னவோ வரத்தான் போகிறது.

எத்தனை முழம் என்று கேட்க ஆளில்லை, அத்தை. ஒரு முழம்தான். அன்றைக்கு ஒரு சாண்.