மாப்பிள்ளையின் இடது பக்கம்

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன்.

அவருக்குக் குத்துச்சண்டை டைட்டில் போட்டி முடிவாகிவிட்டது உனக்கும் தெரிந்திருக்கும். ஏப்ரல் கடைசி சனிக்கிழமை. பேப்பரில் படம் வந்ததிலிருந்து வீட்டில் கால் வைக்க இடமில்லை. சாம்பியன் பெல்ட் நம்முடையதுதான் என்கிறார் கோச். மாமியாரும் அதையே சொல்கிறார், மேல்வீட்டுக்காரரும் அதையே சொல்கிறார். நான் மட்டும்தான் ராத்திரியெல்லாம் விழித்துக்கிடக்கிறேன்.

நீ உன் ஆபீசுக்கு ஒவ்வொரு ஹெவிவெயிட் வீரனைப் பற்றியும் எழுதிக்கொடுப்பாயே, இவன் பலம் என்ன, ஓட்டை எங்கே, எவ்வளவு தூரம் போவான் என்று. அதே மாதிரி அவரைப் பற்றி எனக்கு எழுது. தங்கச்சி புருஷன் என்று பூசி மெழுகாதே. போனில் பேசினால் அவர் காதில் விழும். பள்ளிக்கூட நூலகத்துக்கே எழுது, அங்கே வருகிற தபாலை நான்தான் பிரிக்கிறேன்.

குட்டி, மாமா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் தங்கச்சி


பிப்ரவரி 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்த ஆள் வாசலில் நுழையவே குனிய வேண்டியிருக்கிறது, யோசித்துக்கொள் என்று கல்யாணத்துக்கு முன்னால் சொன்னேன். அப்போது என் அபிப்பிராயம் உனக்குத் தேவைப்படவில்லை. போகட்டும்.

மாப்பிள்ளையின் கடைசி நான்கு சண்டைகளையும் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தேன். வர்ணனை ஓடினால் அவர்கள் சொல்வதுதான் நம் கண்ணுக்கும் தெரியும்.

முதலில் நல்லது. இடது கையை நீட்டி வைக்கிறாரே அந்த ஜாப், இன்றைக்கு இருக்கிற ஹெவிவெயிட்டுகளில் அதற்கு ஜோடி கிடையாது. எதிராளி மூக்கைக் கதவு தட்டுகிற மாதிரி தட்டிக்கொண்டே இருக்கிறார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு கால் அவ்வளவு லேசாக நகர்வது அபூர்வம். அடி வாங்கினால் கோபம் வருவதில்லை. கோபக்காரர்களைத்தான் நான் முதலில் கழித்துக்கட்டுவேன்.

இனி கெட்டது. பாதிச் சண்டை தாண்டியதும் வாயால் மூச்சு விடுகிறார். கட்டிப்பிடித்துத் தொங்குகிறவனைத் தள்ளியே களைத்துப்போகிறார். ஜாப் போட்ட கையைத் தாடைக்குத் திருப்பிக் கொண்டுவராமல் இடுப்புப் பக்கம் தொங்கவிடுகிறார். இதையெல்லாம் கோச் சரிசெய்துவிடலாம். அடி பரிமாறுவதற்கு முன்னால் முகத்தை இடப்பக்கம் திருப்புகிறார் பார், அதை ஸ்டைல் என்று எல்லோரும் புகழ்கிறார்கள். தாடையை மறைக்கிற நல்ல பழக்கம் என்று நானும் ஆபீசுக்கு எழுதிக்கொடுத்தேன். ஆனால் போன வருஷத்துக்கு முன்னால் அது அவரிடம் இல்லை. ஏன் வந்தது என்று புரியவில்லை.

டைட்டில் கிடைக்குமா என்றால், சாம்பியனுக்கு வயதாகிவிட்டது. அவரிடம் மிச்சமிருப்பது வெளியிலிருந்து சுற்றி வருகிற வலது கை ஒன்றுதான். பாதிக்குள் முடித்தால் பெல்ட் மாப்பிள்ளைக்கு. இழுத்துக்கொண்டு போனால் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே.

அண்ணன்


பிப்ரவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் போன உயிர் பாதி திரும்பி வந்தது. கையைத் தொங்கவிடுகிற விஷயத்தை நானே கண்டுபிடித்த மாதிரி அவரிடம் சொன்னேன். "நீ எப்போ கோச் ஆனே?" என்று சிரித்தார்.

ரிங்கில் லேசாக நகர்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வீட்டில் வந்து பார். சமையலறைக் கதவு நிலையில் இடது தோளை இடித்துக்கொள்ளாத நாளே இல்லை. நேற்று பக்கத்தில் இருந்த என் டம்ளரைத் தட்டிவிட்டு, அங்கே ஏன் வைத்தாய் என்று என்னையே கேட்டார். குட்டி இப்போதெல்லாம் அவருக்கு வலப்பக்கம்தான் உட்காருகிறாள். மறுபக்கம் உட்கார்ந்தால் அப்பா என்னைக் கண்டுகொள்வதே இல்லை என்று புகார். டைட்டில் நினைப்பில் மனுஷன் இந்த உலகத்திலேயே இல்லை.

உன் தங்கச்சி


மார்ச் 6

தங்கச்சி,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன்.

அந்த நான்கு சண்டைகளையும் திரும்பப் போட்டேன். இந்தத் தடவை மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, எதிராளியின் வலது கையை மட்டும் பார்த்தேன். நேராக வருவதையெல்லாம் மாப்பிள்ளை தட்டிவிடுகிறார். வெளியிலிருந்து சுற்றி வந்தது அத்தனையும் விழுந்திருக்கிறது. விழுகிற வரைக்கும் அவர் கண் சிமிட்டவே இல்லை. வருகிற அடியைப் பார்த்தவனால் சிமிட்டாமல் இருக்க முடியாது.

முகத்தைத் திருப்புவது ஸ்டைல் இல்லை. இடது பக்கம் நடப்பதை வலது கண்ணால் பார்க்க முயல்கிறார். அவருக்கு இடது கண் தெரியவில்லை என்று நினைக்கிறேன். இதைத்தான் நல்ல பழக்கம் என்று நான் எழுதிக்கொடுத்திருக்கிறேன், முட்டாள்.

லைசென்ஸ் தருகிற போர்டு டாக்டரின் சோதனையில் எப்படித் தேறினார் என்று அவரிடமே கேள். இன்றைக்கே கேள்.

அண்ணன்


மார்ச் 15

அண்ணா,

கேட்டேன். முதலில் சத்தம் போட்டார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார்.

போன வருஷம் பயிற்சியில் ஒரு அடி விழுந்ததாம். அதிலிருந்து இடது கண்ணில் திரை மாதிரி ஒன்று ஏறிக்கொண்டே வருகிறது. இப்போது ஒரு கீற்றுதான் மிச்சம். கோச்சுக்குக்கூடத் தெரியாது. சோதனையில் ஒரு கண்ணை மூடிப் படிக்கச் சொன்னார்கள். இடது கையால் இடது கண்ணை மூடிக்கொண்டு படித்திருக்கிறார். அடுத்த கண் என்றதும் கையை மாற்றினார், கண்ணை மாற்றவில்லை. டாக்டர் எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்லும்போது சிரித்தார் அண்ணா. எனக்கு அவரை அறையலாம் போலிருந்தது.

"இந்த ஒரு சண்டை மட்டும். ஜெயிச்சாலும் தோத்தாலும் இதோட விட்டுடறேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எத்தனை வருஷம் அடுத்தவர்களுடைய பயிற்சிக்கு உடம்பைக் கொடுத்திருக்கிறார் என்று உனக்குத் தெரியும். இப்போதுதான் அவர் முறை வந்திருக்கிறது. நீ யாரிடமும் மூச்சு விடக் கூடாது, காலில் விழுந்து கேட்கிறேன். விட்டால் எனக்கு அண்ணனே கிடையாது.

தங்கச்சி


மார்ச் 22

தங்கச்சி,

நேற்று சாம்பியனின் ஆட்கள் எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் ஓட்டை எங்கே என்று எழுதித் தரவேண்டுமாம். உறவுக்காரன், என்னால் முடியாது என்றேன். பக்கத்து மேஜைக்காரரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒன்றும் தூங்குமூஞ்சி இல்லை. நான் பார்த்ததை அவரும் பார்ப்பார். அதற்குப் பிறகு சாம்பியன் சுற்றி வருகிற அந்த ஒரு அடியை மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் போதும்.

கண்தானே போகும் என்று நினைக்காதே. அடி வருவது தெரிந்தால் கழுத்து தானாக இறுகும். தெரியாமல் விழுகிற அடியில் தலை அப்படியே திரும்பிவிடும். அப்படி விழுந்தவர்களை ரிங்குக்குப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஒருவர் எழுந்திருக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் கிடையாது என்று எழுதியிருக்கிறாய். சரி. புருஷன் இருப்பார்.

இந்த மாசம் முடிவதற்குள் அவராக விலகட்டும். இல்லையென்றால் போர்டு டாக்டரை நான் கூப்பிடுவேன்.

அண்ணன்


ஏப்ரல் 2

அண்ணா,

நீ கூப்பிட வேண்டாம். நான் கூப்பிட்டுவிட்டேன்.

நூலகத்தில் புத்தகம் அடுக்குகிற பின்னறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். அவர் எந்தக் கண்ணை மூடுகிறார் என்று பாருங்கள், அது போதும் என்றேன். இரண்டாம் நாளே வரச் சொன்னார்கள். இந்தத் தடவை டாக்டரே கையை வைத்து மூடியிருக்கிறார். சண்டை ரத்து, லைசென்சும் போயிற்று. திரும்பி வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

யார் சொன்னது என்று கேட்டார். அண்ணன் என்றேன்.

வாய் தவறி வந்ததில்லை, யோசித்துத்தான் சொன்னேன். அவர் யாரையாவது வெறுத்தே ஆகவேண்டும். என்னை வெறுத்தால் டாக்டர் சொன்ன கண் ஆபரேஷனுக்கு அவரை யார் கூட்டிக்கொண்டு போவது? ராத்திரி எழுந்தால் யார் கையைப் பிடிப்பார்? நீ தூரத்தில் இருக்கிறாய். இதை உன்னால் தாங்க முடியும், என்னால் முடியாது.

அவர் உனக்கு எழுதுவார். மோசமாகத்தான் எழுதுவார். நீ இந்த வீட்டுப் பக்கம் வராதே. நூலகத்துக்கும் எழுதாதே, இனி சாயங்காலம் அவர்தான் என்னை அழைத்துப்போக வருவார். என்னை மன்னித்துவிடு என்று கேட்கக்கூட எனக்கு வாய் இல்லை.

தங்கச்சி


ஏப்ரல் 19

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதில் நீங்கள் என்னைச் சொல்லியிருக்கிற எதையும் நான் மறுக்கப்போவதில்லை.

ஆமாம், டாக்டரிடம் சொன்னது நான்தான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று தங்கச்சி காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். அண்ணனே கிடையாது என்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் மேல் உங்களுக்கு ஒரு சந்தேகமும் வேண்டாம்.

இரண்டு கண்ணும் நன்றாக இருந்திருந்தால் அந்த பெல்ட் உங்களுடையதுதான். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, அந்தப் பழக்கம் எனக்கு இல்லை. ஆபீசிலும் அப்படித்தான் எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

ஆபரேஷன் அடுத்த மாசம் என்று எழுதியிருந்தீர்கள். தள்ளிப்போடாதீர்கள். தங்கச்சியைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாசலை மிதிக்கக் கூடாது என்றீர்கள், மிதிக்க மாட்டேன். குட்டி கேட்டால், மாமாவுக்கு வேலை அதிகம் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
நீங்கள் மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன்