சோப்பு டப்பா பாஸா, ஃபெயிலா?

மார்ச் 3, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. நம்ம வாழ்க்கையையே மாற்றப்போகிறது என்று வீட்டுக்காரர் இரண்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெட்டி என் உள்ளங்கையில் அடங்குகிறது. மினி கம்ப்யூட்டர், இருப்பதிலேயே மலிவானது. மகள் பார்த்ததும், “என்னப்பா, சோப்பு டப்பா மாதிரி இருக்கு” என்றாள். அவ்வளவுதான், அதுவே பெயராகிவிட்டது.

வீட்டுக்காரர் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் சம்பளத்துக்குப் படம் எடுக்கிறார். எடுக்கிற படம் எல்லாம் முதலாளியின் கம்ப்யூட்டரில்தான் போய் உட்காரும். சொந்தமாகத் தொழில் தொடங்குவதென்றால் படங்களைப் பத்திரமாக வைக்க வீட்டிலேயே ஒரு சர்வர் வேண்டுமாம். ராத்திரி பகல் ஓடிக்கொண்டே இருக்கும், கேமராவில் எடுத்ததை அதில் கொட்டிவிடலாம், வாடிக்கையாளர் அவரவர் வீட்டில் இருந்தே பார்த்துக்கொள்ளலாம். பெட்டி தேறினால் வேலையை விட்டுவிடுவார். தேறாவிட்டால் பதினேழாம் தேதிக்குள் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

தேறியதா என்று சொல்லவேண்டியது நான்.

“நீதானே டெஸ்டர். ஆபீஸ்ல ஊரான் சாஃப்ட்வேர்ல எல்லாம் குத்தம் கண்டுபிடிக்கிற. இதையும் பாத்து ஒரு வார்த்தை சொல்லிடு.”

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மாசச் சம்பளம் ஒன்று நின்றுபோகும். எவ்வளவு சாவகாசமாகக் கேட்கிறார் மனுஷர்!

மார்ச் 4, புதன்

சத்தம் இல்லை. சூடு இல்லை. சுத்தமாகப் பிடிக்கவில்லை எனக்கு.

மார்ச் 7, சனி

இன்று ஒரு குறை கண்டுபிடித்தேன். எழுதும்போதே முகத்தில் சிரிப்பு வருகிறது, வெட்கமாகத்தான் இருக்கிறது.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஃபிரிட்ஜ் எழுந்தது, மோடம் எழுந்தது, சோப்பு டப்பா மட்டும் கும்பகர்ணன். கையால் பட்டனை அமுக்கினால்தான் எழுந்திருப்பேன் என்று கிடந்தது. கரண்ட் போய் வந்தால் தானாக எழாத சர்வர் என்ன சர்வர்? “பாத்தீங்களா?” என்று கேட்டுவிட்டுக் காபி போடப் போனேன். போட்டுக்கொண்டு திரும்புவதற்குள் அவர் எங்கோ படித்துப் பார்த்து, உள்ளே போய் ஒரே ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டார். மறுபடி மெயின் சுவிட்ச். இந்த முறை ஃபிரிட்ஜுக்கு முன்னால் சோப்பு டப்பா எழுந்து நின்றது.

“இப்ப ஓகேவா?” என்றார், பரீட்சைப் பேப்பரை நீட்டுகிற பிள்ளை மாதிரி.

“இன்னும் டெஸ்ட் இருக்கு” என்றேன்.

மார்ச் 8, ஞாயிறு

செருப்பு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினேன். வேகாத வெயில். உள்ளே லேசாகச் சூடானது, ஃபேன் கொஞ்சம் முனகியது, வேலை நிற்கவில்லை. மகள் ஒரு சினிமா, நான் ஒரு சினிமா, அவர் ஒரு சினிமா என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் அதிலிருந்து பார்த்தோம். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. மின்சாரம் ஒரு பல்பு அளவுக்குக்கூடத் தின்னவில்லை.

“அம்மா, பாவம்மா அது, வெளிய எடு” என்றாள் மகள்.

அலமாரியிலேயே இருக்கட்டும் என்றேன். வெளியே வைத்தால் தூசி படியும் என்று ஒரு சாக்கு.

மார்ச் 11, புதன்

சாப்பிடும்போது, “என்ன சொல்லுது?” என்றார். பெட்டியைத்தான் கேட்டார்.

“வேகம் போதுமான்னு இன்னும் பாக்கணும்.”

“நேத்து பாத்தியே?”

“நேத்து கேபிள்ல. இன்னிக்கு வைஃபைல.”

தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார். கோபித்துக்கொள்கிறவராக இருந்தால் எனக்கு வசதி. இவர் தலையாட்டுகிறார்.

ஆபீசில் இப்படி ஒரு டெஸ்டர் இழுத்தடித்தால் முதல் ஆளாக நானே அவளைக் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

மார்ச் 14, சனி

நாத்தனார் வந்திருந்தாள். அலமாரியைத் திறந்து செருப்பை விட்டவள், பெட்டியைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அண்ணி, நீங்க டப்பாவையா சோதிக்கிறீங்க, எங்க அண்ணனையா?”

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை டமார் டமார் என்று வைத்தேன். இவளுக்கு என்ன தெரியும்? வாடகையை இவளா கட்டப்போகிறாள்? அடுத்த வருஷம் மகளுக்குக் கல்லூரி. என் ஒரு சம்பளத்தில் எத்தனை நாள் தள்ளுவது? பயமாக இருக்குடி, அவ்வளவுதான், பயம். அதை வாயைத் திறந்து சொல்லத் தெரியாமல் பெட்டியைப் போட்டு வறுத்தெடுக்கிறேன்.

அப்போது வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, முதன்முதலாகச் சொந்தப் பெயரில் ஒரு விழா எடுக்கப் போயிருந்தார். எண்பது வயதுப் பெரியவருக்குப் பிறந்தநாள். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நான்கு நாடுகளிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்களாம். திரும்பி வந்து, “கடைசியில எல்லாரையும் ஒண்ணா நிக்க வெச்சு எடுத்தேன் பாரு, அதான் படம்” என்றார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் பார்த்து ரொம்ப வருஷம் ஆகிறது.

மார்ச் 15, ஞாயிறு

மகள் தூங்கிய பிறகுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒழுங்காக எழுதவேண்டும்.

அவர் தொழிலில் ஒரு பழக்கம். படம் நிறைந்த மெமரி கார்டு உறைக்குள் குப்புற இருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்ததும் கேமராவில் போட்டு அழித்து, உறைக்குள் நிமிர்த்தி வைப்பார். நிமிர்ந்திருந்தால் காலி, அடுத்த விழாவுக்கு யோசிக்காமல் எடுத்துக்கொண்டு போகலாம்.

என் தொழிலில் ஒரு பழக்கம். வேலை நடந்துகொண்டிருக்கும்போது ப்ளக்கைப் பிடுங்குவது, யாரிடமும் சொல்லாமல். சொல்லிவிட்டுப் பிடுங்கினால் எல்லோரும் ஜாக்கிரதையாகிவிடுவார்கள், அது டெஸ்டே இல்லை.

காலையில் அவர் கூடத்தில் உட்கார்ந்து பிறந்தநாள் படங்களைச் சோப்பு டப்பாவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியாது. நான் அறைக்குள் இருந்து என் டெஸ்ட் ஃபைல்களை அதற்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். அவருக்குத் தெரியாது. அவர் திரையில் ‘முடிந்தது’ என்று வந்தது. கார்டை அழித்தார், நிமிர்த்தினார். அதே நேரம் நான் அலமாரியைத் திறந்து ப்ளக்கைப் பிடுங்கினேன்.

பெட்டி திரும்ப எழுந்தது. சாயங்காலம் அவர் அந்தக் கார்டைப் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவுக்காக ஒரு குழந்தையின் பிறந்தநாள் எடுக்கக் கிளம்பினார். அவர் போன பிறகுதான் நான் டெஸ்ட் ஃபைல்களைச் சரிபார்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் அவர் ஃபோல்டர். திறந்து பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் இருந்த படங்களுக்குப் பெயர் மட்டும் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்த படம் அந்தப் பக்கத்தில்தான்.

விஷயம் உடனே புரிந்துவிட்டது. ‘முடிந்தது’ என்று திரை சொன்னாலும், கடைசியாக வந்த படங்களைப் பெட்டி நினைவில் வைத்துக்கொண்டு டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும். எழுதி முடிப்பதற்குள் நான் பிடுங்கிவிட்டேன். இன்னொன்றும் தெரியும்: கேமராவில் அழித்தாலும் படம் கார்டிலேயேதான் கிடக்கும், அதன் மேல் புதுப் படம் விழும்வரை. இப்போதே ஃபோன் செய்தால் மீட்டுவிடலாம்.

ஃபோனைக் கையில் எடுத்தேன். எடுத்துவிட்டுச் சும்மா நின்றேன்.

பெட்டி மேல் பழி விழும். பெட்டி கடைக்குப் போகும். அவர் ஸ்டுடியோவிலேயே இருப்பார். முதல் தேதி முதல் தேதி சம்பளம். நான் எதுவும் செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இதை நினைத்தது வேறு யாரும் இல்லை, நான்தான். ஒரு நிமிடம் இருக்குமா, இரண்டு இருக்குமா, தெரியாது.

பிறகு அவருக்கு ஃபோன் அடித்தேன்.

“என்னம்மா, வேலையில இருக்கேன்.”

“நிமித்தி வெச்ச கார்டுதான் கேமராவுல இருக்கா?”

“ஆமா.”

“வெளிய எடுங்க. இனிமே அதுல ஒரு படம்கூட எடுக்காதீங்க. வேற கார்டு போடுங்க.”

“ஏன்?”

“காலைல நான் ப்ளக்கைப் பிடுங்கிட்டேன். கடைசிப் படம் எல்லாம் ஏறல.”

அந்தப் பக்கம் குழந்தைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். “சரி” என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கார்டை என் கையில் கொடுத்தார். மீட்கிற மென்பொருளை ஓடவிட்டேன். ஒவ்வொன்றாக வந்தன. எல்லோரும் ஒன்றாக நிற்கும் படமும் வந்தது; பெரியவர் நடுவில் நாற்காலியில். பக்கத்தில் வீட்டுக்காரர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. மூன்று படங்கள் மட்டும் வரவில்லை. அவற்றின் மேல் யாரோ ஒரு குழந்தை பலூன் ஊதிக்கொண்டிருந்தது.

மார்ச் 16, திங்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னார். “வேணாம்மா. நான் ஸ்டுடியோவுலயே இருந்துடுறேன். முதல் வேலையிலயே இப்படின்னா எனக்கு இது சரிப்படாது. நாளைக்கு டப்பாவைக் குடுத்துடலாம். பழுதுன்னு சொல்லிக்கலாம்.”

ஜெயித்துவிட்டேன். இரண்டு வாரம் பெட்டியைச் செருப்போடு போட்டு அடைத்ததற்குப் பலன். மத்தியானம் ஆபீசில் அதை நினைத்தபோது சாப்பாடு இறங்கவில்லை.

பழுதாம்! என்ன பழுது? எந்தக் கம்ப்யூட்டரை அப்படிப் பிடுங்கினாலும் அதுதான் நடக்கும். அது திரும்ப எழுந்தது, மற்ற படம் எல்லாவற்றையும் காப்பாற்றி வைத்திருந்தது. இத்தனை வருஷத் தொழிலில் இல்லாத குறையை இருக்கிறது என்று நான் ஒரு தடவைகூட எழுதியதில்லை. சக டெஸ்டர் ஒருத்தி எழுதியபோது மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

கடைசி நாள். ஆபீசிலிருந்து வந்தபோது பெட்டியை அது வந்த அட்டைக்குள்ளேயே வைத்து, டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

“ஒட்டாதீங்க. அது பழுது இல்ல.”

“தெரியும். ஆனா நீ உடனே ஃபோன் பண்ணதாலதான் தப்பிச்சோம். எப்பவும் நீ பக்கத்துல இருப்பியா?”

உடனே என்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். உடனே இல்லைங்க, ஃபோனைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன், பேசாம விட்டுடலாமான்னு நினைச்சேன், அந்த மூணு படம் நான் நின்ன நேரத்துலதான் போயிருக்கும் – எல்லாவற்றையும் ஒரே மூச்சில்.

டேப்பின் நுனியைத் தேடுகிறவர் மாதிரி நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“நான் வேலையை விடக் கூடாதுன்னு அவ்வளவு இருந்துச்சா?”

“பயம்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க தலையாட்டிக்கிட்டே இருந்தீங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சந்தோஷச் சிரிப்பு இல்லை. “நான் மட்டும் என்ன? தினமும் வந்து ஓகேவான்னு கேக்குறேன்ல, நீ இன்னும் இல்லைன்னு சொன்னா உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருக்கும். பாஸ் போட்டுட்டா நாளைக்கே முதலாளி முன்னாடி போய் நிக்கணுமே.”

இரண்டு பேரும் ஒரு சோப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்திருக்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு ஆளுக்கே இடம் போதாது.

அதன் பிறகு நிறையப் பேசினோம். வாடகை, கல்லூரி, என் சம்பளம், எத்தனை மாதம் பார்ப்பது, சரிவராவிட்டால் என்ன செய்வது. கொஞ்சம் சண்டையும் போட்டோம், மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். கார்டு விஷயத்தில் ஒரு சட்டம் போட்டேன்: படங்கள் இரண்டு இடத்தில் இருக்கின்றனவா என்று திறந்து பார்க்காமல் எந்தக் கார்டும் நிமிரக் கூடாது. அவரும் ஒரு சட்டம் போட்டார்: நான் எதையாவது பிடுங்குவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் பிடுங்கவேண்டும். அது டெஸ்டே இல்லை என்றேன். குடும்பம் என்றார்.

கடை மூடுகிற நேரம் தாண்டியது. டேப்பைப் பிய்த்துப் பெட்டியை வெளியே எடுத்தேன்.

“அப்ப என்ன சொல்லுது?” என்றார்.

“நல்லா இருக்கு.”

பதினெட்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நான் அந்த வார்த்தையை ‘ஆனா’ இல்லாமல் சொன்னது இதுதான் முதல் தடவையாம். அவர்தான் சொன்னார்.

மார்ச் 24, செவ்வாய்

பிறந்தநாள் வீட்டார் படங்களைப் பார்த்துவிட்டார்கள். மூன்று குறைவதை யாரும் கவனிக்கவில்லை. ஒரே ஒரு புகார்: எல்லோரும் நிற்கும் படத்தில் மூத்த மருமகன் கண்ணை மூடியிருக்கிறாராம், திறந்து தர முடியுமா?

ஏப்ரல் 6, திங்கள்

காலையில் நான் மட்டும் கிளம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே பஸ்தான். அவர் ஸ்டுடியோ வாசலில் இறங்குவார், நான் கடைசி நிறுத்தத்தில். இன்று அவர் வாசல்வரை வந்து, சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு வந்திருப்பார், அந்த அவசரம் தெரிந்தது.

பஸ்ஸில் எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து பையைப் பக்கத்தில் வைத்தேன். ஒரு பெண் ஏறி வந்தாள்.

“இங்க யாராவது வராங்களா?”

“இல்லைங்க, உக்காருங்க. எப்பவும் என் வீட்டுக்காரர்தான் வருவார். இன்னிலேருந்து அவருக்கு வீட்டுலயே வேலை. போட்டோகிராஃபர்.”

அவள் கேட்டது இருக்கையைப் பற்றி மட்டும்தான். ஸ்டுடியோ வாசலைத் தாண்டும்போது பேச்சை விட்டுவிட்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். பிறகு மறுபடி தொடங்கினேன். இறங்கும்வரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பெண் பாவம், தலையாட்டிக்கொண்டே வந்தாள். ஆபீஸ் படி ஏறும்போதுதான் உறைத்தது, அவரைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை.